பதிவேட்டில் யார் பெயர்?

சாத்தூரைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில், பனையும் வேலிகாத்தானும் தவிர வேறு நிழல் இல்லாத பொட்டல்களில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட ஒற்றை அறைகள் வரிசை வரிசையாக நிற்பதைப் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். அவைதான் பட்டாசு ஆலைகள். அந்த அறை ஒவ்வொன்றின் வெளிச்சுவரிலும் இன்ன எண், இன்ன வேலை, இத்தனை கிலோ மருந்து, இத்தனை ஆட்கள் என்று எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். மருந்தோடு வேலை செய்யும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது என்பது அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விதி. ஆலைக்கு உரிமம் தருவதிலும் தரம் உண்டு. மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு நாக்பூரில் இருப்பதால் அங்கே பெற்றது ‘நாக்பூர் உரிமம்’. அதன் சென்னை அலுவலகத்தில் பெற்றது ‘சென்னை உரிமம்’. மாவட்ட வருவாய் அலுவலர் தருவது ‘டி.ஆர்.ஓ. உரிமம்’. எந்த உரிமமானாலும் அதன் தலையில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் இந்த இடத்தில், இந்த அளவில், இந்த வேலையைச் செய்யலாம் என்பதே அந்தக் காகிதத்தின் முழு அர்த்தம்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, நண்பகல் தாண்டிய வேளையில் அச்சங்குளத்தில் அப்படியொரு ஆலை வெடித்தது. குறைந்தது 19 பேர் இறந்தனர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே இவ்விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே. கண்ணன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதையொட்டி வெளிவந்த செய்திகளில் என் மனத்தை விட்டு நீங்காத ஒன்று, உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைக் குத்தகைக்கு எடுத்துத் தொழில் நடத்தியவர்கள் வேறு ஆட்களாக இருந்தார்கள் என்பது. உரிமம் குத்தகைக்கு விடக்கூடிய பொருள் அன்று. ஆனால் ‘உள்குத்தகை’ என்ற சொல் அந்த வட்டாரத்தில் அன்றாடப் பேச்சில் புழங்குகிற சொல். பதிவேட்டில் இருந்த பெயர் ஒன்று, அறைக்குள் இருந்த ஆள் வேறு. மருந்து உராய்ந்ததற்கும் தீப்பிடித்ததற்கும் வேறு வேறு காரணங்கள் இருக்கலாம்; ஆனால் பதிவேட்டுக்கும் அறைக்கும் இடையே அப்படியொரு பிளவு விழுந்துவிட்டால், உள்ளே எத்தனை பேர், யார் பொறுப்பு, யாருக்குப் பயிற்சி உண்டு என்ற கேள்விகளுக்கு நம்பத்தக்க விடை சொல்ல ஒருவரும் மிஞ்சுவதில்லை.

கம்ப்யூட்டர் விஷயம் ஒன்றை எழுத வந்தவன் ஏன் பட்டாசு ஆலையில் தொடங்கினேன் என்று வாசகர்கள் கேட்கலாம். நான் எழுத வந்த விஷயம் இதே கேள்விதான். இன்று ஓர் அச்சகத்திலோ கல்லூரியிலோ மருத்துவமனையிலோ பாங்கியிலோ, எந்த ஊழியர் எந்தக் கோப்பைத் திறக்கலாம், எந்தக் கணக்கைத் திருத்தலாம், எந்த இயந்திரத்தில் அச்சிடலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் ஒரு பதிவேடு, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சர்வருக்குள் இருக்கிறது. அதை ‘டைரக்டரி’ என்கிறார்கள். அதில் ஆட்களின் பெயர்கள் இருக்கும். அதைவிட முக்கியமாக, ஆட்களைத் தொகுத்த குழுக்கள் இருக்கும். அந்தக் குழுக்களில் யார் பெயரைச் சேர்ப்பது, எப்போது சேர்ப்பது, எப்போது எடுப்பது என்ற காரியம், பார்வைக்கு ஒரு குமாஸ்தா வேலை போலத் தோன்றினாலும், அந்த ஸ்தாபனத்தின் பத்திரம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

குழு, உறுப்பினர், உரிமை என்னும் மூன்றும் விருதுநகர்ப் பக்கத்தாருக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியவை அல்ல. அங்கே உறவின்முறை என்ற அமைப்பு நூறாண்டுக்கு மேலாக வேரூன்றியது. வியாபாரம் செய்கிறவர் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை செலுத்துவார். அந்தப் பொதுப்பணத்தில் கிணறும் மண்டபமும் பள்ளிக்கூடமும் எழும். 1889-இல் விருதுநகரில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்த பள்ளிகளில் ஒன்று. காமராஜர் படித்தது அங்கேதான். அந்த முறையில் கவனிக்கத்தக்கது, உரிமை ஒவ்வொரு தனி மனிதனுக்கும் தனித்தனியாக எழுதித் தரப்படவில்லை என்பதே. உரிமை அமைப்புக்குரியது, அமைப்பில் பெயர் இருந்தால் உரிமை தானாக வந்து சேரும், பெயர் நீங்கினால் தானாக நீங்கும். கம்ப்யூட்டர் டைரக்டரியின் அடிப்படைத் தத்துவம் இதைவிடச் சிக்கலானது ஒன்றும் இல்லை. கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் அதிகாரத்தை இன்னாருக்கு, இன்னாருக்கு என்று பத்துப் பேருக்குத் தனித்தனியே தந்துவைத்தால், அவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில் எங்கெங்கே கொடுத்தோம் என்று தேடியே நிர்வாகி களைத்துப்போவார். ‘கணக்குப் பிரிவு’ என்ற குழுவுக்கு ஒரே ஒரு முறை கொடுத்துவிட்டால், பிறகு குழுவில் பெயர் சேர்ப்பதும் எடுப்பதும் மட்டுமே அவர் வேலை.

தொடக்கத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு தனிப் பட்டியல் இருந்தது. யூனிக்ஸ் இயந்திரங்களில் அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. இயந்திரங்கள் பெருகியபோது ஒரே மனிதரின் பெயரை இருபது இடங்களில் எழுத வேண்டிவந்தது. 1980-களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், எல்லா இயந்திரங்களும் ஒரே இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாட்டைச் செய்து, அதற்கு மஞ்சள் பக்கங்கள் என்று பொருள்படும் ‘எல்லோ பேஜஸ்’ என்ற பெயரைச் சூட்டியது. அந்தப் பெயர் பிரிட்டனின் தொலைபேசி நிறுவனத்துக்குச் சொந்தமான வணிகப் பெயராக இருந்தமையால் ‘நிஸ்’ என்று மாற்ற நேர்ந்தது. 1988-இல் சர்வதேச அமைப்புகள் சேர்ந்து உலகம் முழுவதற்குமான தொலைபேசிப் புத்தகத்தைப் போல ‘எக்ஸ்.500’ என்ற விரிவான திட்டத்தை வகுத்தன. அது சாதாரண மேசைக் கம்ப்யூட்டருக்குத் தாங்கமுடியாத சுமையாக இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸ் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் அதன் சாரத்தை எடுத்து, இலகுவாக்கி, 1993-இல் ‘எல்டாப்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000-உடன் கொண்டுவந்த ‘ஆக்டிவ் டைரக்டரி’ பேசுகிற மொழியும் இந்த எல்டாப்தான். இன்று அலுவலகங்களில் பெரும்பாலும் காண்பது அதையே.

இந்தப் பதிவேட்டின் உள்ளே ஒருமுறை எட்டிப்பார்ப்பது பிரயோசனமானது. அதில் ஒவ்வொரு பதிவுக்கும் தபால் விலாசம் போல ஒரு முகவரி உண்டு. முதலில் ஆள், பிறகு பிரிவு, பிறகு ஸ்தாபனம் என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும். குழுவின் பதிவைத் திறந்தால் ‘மெம்பர்’ என்ற தலைப்பின் கீழ் அதிலுள்ளவர்களின் முகவரிகள் வரிசையாக இருக்கும். ஒரு மனிதரின் பதிவைத் திறந்தால் அவர் எந்தெந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பது தெரியும். ஆனால் ஆக்டிவ் டைரக்டரியில் இதை இரண்டு இடத்திலும் யாரும் எழுதுவதில்லை. குழுவில் எழுதியதைக்கொண்டு மனிதரின் பக்கத்தை இயந்திரமே கணித்துக் காட்டுகிறது. ஆகையால் ஒரு பக்கம் சேர்த்து மறுபக்கம் மறந்துவிட்ட பிழைக்கு அங்கே இடமில்லை. எல்டாப்பின் பழைய குழு வகை ஒன்றில் ஒரு விசித்திரமான விதி உண்டு: குழு என்று இருந்தால் ஒரு பெயராவது அதில் இருந்தே தீரவேண்டும், வெறுங்குழுவை அது ஏற்காது. எனவே ஆள் வருமுன் குழுவை உண்டாக்க நினைக்கும் நிர்வாகிகள் பெயருக்கு ஒரு பொய்க் கணக்கைச் சேர்த்து வைப்பதுண்டு. பினாமிக்கு நம் ஊரில் என்ன மதிப்போ அதே மதிப்புதான் இதற்கும் தரவேண்டும்; அந்தப் பொய்ப் பெயருக்கு ஒரு கடவுச்சொல்லும் இருந்து, அது ஒருவர் கையில் சிக்கிவிட்டால், ஆள் இல்லாத பெயருக்கு அதிகாரம் மட்டும் உயிரோடு இருக்கும்.

பதிவேடு ஒன்றேயானாலும் பிரதிகள் பல. சிவகாசியில் தலைமை அலுவலகமும் டெல்லியில் கிடங்கும் உள்ள நிறுவனம் இரண்டு இடத்திலும் சர்வர் வைத்துக்கொள்ளும். ஓரிடத்தில் எழுதியது மற்ற இடத்துக்குப் போய்ச் சேரும். விண்டோஸ் 2000-இல் இதில் ஒரு பெருங்குறை இருந்தது. குழுவின் உறுப்பினர் பட்டியல் முழுவதையும் ஒரே சரக்காகக் கட்டி அனுப்பிற்று. சிவகாசியில் ஒருவர் ஒரு பெயரைச் சேர்க்க, அதே சமயத்தில் டெல்லியில் இன்னொருவர் வேறொரு பெயரைச் சேர்த்தால், பிந்தி எழுதிய பட்டியலே நிலைத்தது, முந்தி எழுதிய பெயர் காணாமற்போயிற்று. ஒரு குழுவில் 5,000 பேருக்கு மேல் வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லவேண்டிவந்ததும் இந்த அமைப்பினால்தான். 2003-ஆம் ஆண்டு வெளியீட்டில் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக அனுப்பும் முறை வந்த பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது. இன்றைக்கும், வெவ்வேறு ஊர்ச் சர்வர்களுக்கு இடையே செய்தி போகும் இடைவெளி, நிர்வாகி மாற்றாதவரை 3 மணி நேரம். சிவகாசியில் காலையில் அடித்த பெயர் டெல்லியில் மதியம் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்பதை, வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்திடும் அதிகாரிகள் அறிந்திருப்பது அவசியம்.

இதைவிட நுட்பமான ஒரு தாமதத்தை நான் நேரில் கண்டேன். ஆடிப்பெருக்கன்று புது வருஷக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுவிட்டு, ஆர்டர் பிடிப்பதில் சிவகாசி அச்சகங்கள் மூழ்கியிருக்கும் பருவம் அது. ஓர் அச்சக அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். வடிவமைப்புப் பிரிவிலிருந்து பில் போடும் பிரிவுக்கு மாற்றப்பட்ட இளம்பெண் ஒருத்தி, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்பவரிடம் வந்து, “அண்ணே, பேரு சேத்தாச்சுன்னு சொன்னீகளே, இன்னும் தொறக்க மாட்டேங்குதே” என்றாள். அவர் திரையைப் பார்த்தார். குழுவில் அவள் பெயர் சரியாகவே இருந்தது. “ஒருக்கா லாகாஃப் பண்ணி வெளிய வந்துட்டு உள்ள போம்மா, தொறந்துரும்” என்றார். அப்படியே திறந்தது.

இதற்குக் காரணம் சுலபமானது, ஆனால் பலர் அறியாதது. காலையில் ஊழியர் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே நுழையும்போது, சர்வர் அவர் கையில் ஒரு சீட்டைத் தருகிறது. ‘கெர்பரோஸ் டிக்கெட்’ என்று அதற்குப் பெயர். அந்த நிமிஷத்தில் அவர் எந்தெந்தக் குழுவில் இருந்தாரோ அவையெல்லாம் அந்தச் சீட்டில் எழுதப்பட்டுவிடும். பிறகு அவர் தொடும் ஒவ்வொரு கதவும் அந்தச் சீட்டைத்தான் பார்க்குமே தவிர, தலைமைப் பதிவேட்டை மறுபடி திருப்பிப் பார்ப்பதில்லை. சீட்டின் ஆயுள், வழக்கமான அமைப்பில், 10 மணி நேரம். புதிதாகச் சேர்ந்தவருக்கு இதனால் விளைவது சிறிய அசௌகரியம். வெளியே போய் உள்ளே வந்தால் தீர்ந்தது. ஆனால் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர் கையில் அந்தப் பழைய சீட்டு இருக்குமே, அதை நினைத்துப் பாருங்கள். பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டோம் என்று நிர்வாகி நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். சீட்டு வைத்திருப்பவர் சாயங்காலம் வரை அறைக்குள் இருக்கிறார். அதனால்தான், மன வருத்தத்தோடு ஒருவர் வெளியேறும்போது, பெயரை அடிப்பதோடு நில்லாமல், அவர் கணக்கை முடக்கி, அவர் திறந்துவைத்த இயந்திரத்தையும் மூடச்செய்ய வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள்.

அன்று அந்தத் திரையில் நான் கண்டது இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்ணின் பெயருக்கு மேலும் கீழுமாக இருந்த பெயர்களைப் பற்றிச் சாதாரணமாக விசாரித்தேன். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒருவர் திருப்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். இன்னொருவர் காலமாகி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மூவருக்கும் அந்த நிறுவனத்தின் பில் புத்தகத்தைத் திறக்கும் அதிகாரம் அன்றுவரை இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு விட்டுவைக்கவில்லை. சேர்க்கும்போது ஒருவர் வந்து நின்று கேட்கிறார். எடுக்கும்போது வந்து கேட்க ஆளில்லை. உலகம் முழுவதும் இந்தப் பதிவேடுகள் கெடுகிற விதம் இதுதான்.

கடவுச்சொல்லை இரவல் தருவது இதைவிடக் கொடியது. ஒருவர் விடுப்பில் போகும்போது, “அவசரம்னா என் பேர்லயே பண்ணிக்க” என்று பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்துப் போகிறார். நல்லெண்ணத்தில் செய்த உதவி அது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அவருடைய பெயர் உள்குத்தகைக்குப் போய்விட்டது. கணக்கில் தவறு நேர்ந்தால் பதிவேடு அவர் பெயரைத்தான் காட்டும். செய்தவர் யார் என்பது யாருக்கும் தெரியாது. அச்சங்குளத்தின் செய்தியைப் படித்தவர்கள் இதை அற்ப விஷயம் என்று தள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன். பக்கத்து மேசைக்காரருக்கு அந்த வேலை தேவைப்பட்டால், அவர் பெயரையே அந்தக் குழுவில் சேர்ப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். விண்டோஸ் சர்வர் 2016 முதல் பெயரைக் காலக்கெடுவோடு சேர்க்கவும் வசதி வந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் என்று குறித்துச் சேர்த்தால், கெடு முடிந்ததும் பெயர் தானே உதிர்ந்துவிடும், சீட்டின் ஆயுளும் அந்தக் கெடுவைத் தாண்டாது.

குழுவுக்குள் குழு வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ‘விற்பனை’ என்ற குழுவை ‘அலுவலகம்’ என்ற குழுவுக்குள்ளும், அதை இன்னொன்றுக்குள்ளும் வைப்பது சௌகரியமானதே. ஆனால் நாலைந்து அடுக்கு போனபின், கடைசிப் படியில் சேர்த்த பயிற்சி மாணவர் ஒருவர் முதற்படியின் அதிகாரம் முழுவதையும் பெற்றுவிடுவதை யாரும் கவனிப்பதில்லை. எல்லாக் குழுக்களுக்கும் மேலாக ‘டொமைன் அட்மின்ஸ்’ என்று ஒன்று உண்டு. பதிவேட்டையே திருத்தும் அதிகாரம் அதற்கு. திருடன் முதலில் தேடிப்போவதும் அதையே. அதில் எத்தனை பெயர் இருக்கிறது என்பதை வைத்து ஓர் அலுவலகத்தின் ஒழுங்கைச் சொல்லிவிடலாம்.

இத்துறையில் தமிழ்நாட்டின் பங்கு சிறியதன்று. 1996-இல் தொடங்கி இன்று ஜோஹோ என்ற பெயரால் அறியப்படும் நிறுவனம், சென்னையை அடுத்தும், 2011 முதல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் ஆட்களை வைத்து மென்பொருள் எழுதுகிறது. ராஜபாளையம் தாண்டி மலையோரமாகப் போனால் வரும் ஊர் அது. ஆக்டிவ் டைரக்டரியில் நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரே வீச்சில் குழுக்களில் சேர்ப்பது, எடுப்பது, நீண்டகாலமாக உள்ளே வராத கணக்குகளைப் பட்டியலிடுவது, மேலதிகாரியின் ஒப்புதலுக்கு அனுப்புவது ஆகிய காரியங்களுக்கென்று அந்த நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு தரும் ‘ஏடிமேனேஜர் பிளஸ்’ பல நாடுகளில் விற்பனையாகிறது. அதே பிரிவின் ‘ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ்’, மறந்த கடவுச்சொல்லை ஊழியரே மாற்றிக்கொள்ள உதவுவது. அதில் இருந்த ஓட்டை ஒன்றின் வழியாகப் பகைவர்கள் நுழைகிறார்கள் என்று 2021 செப்டம்பர் 16-இல் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு, எஃப்.பி.ஐ. முதலியவற்றோடு சேர்ந்து எச்சரித்தது. அதை அடைக்கும் திருத்தம் அந்த மாதத் தொடக்கத்திலேயே வெளிவந்திருந்தது. போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த ஓட்டை அடைபட்டது, ஒத்திப்போட்டவர்கள் அபாயத்தில் நின்றார்கள். பதிவேட்டைத் திருத்தும் கருவிக்கும் பதிவேட்டுக்குரிய காவல் வேண்டும் என்பதற்கு நம்மவர் எழுதிய மென்பொருளே உதாரணமாயிற்று.

ஒன்றை மட்டும் இங்கே எச்சரிக்கையாகச் சேர்க்கிறேன். வேலையை விட்டவரின் கணக்கை ஆத்திரத்தில் உடனே அழித்துவிடாதீர்கள். டைரக்டரி மனிதரை அறிவது பெயரால் அன்று, உள்ளே அது தரும் ஒரு நீண்ட எண்ணால். அழித்தபின் அதே பெயரில் மறுபடி கணக்குத் தொடங்கினால் எண் வேறாகிவிடும். பழைய கோப்புகள் அவரை அடையாளம் கண்டுகொள்ளா. முதலில் முடக்கி வையுங்கள், குழுக்களிலிருந்து எடுங்கள், சில மாதம் கழித்து அழிக்கலாம்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரம் கதவடைத்து, பூஜை போட்டு, மறுபடி திறப்பது சிவகாசி வட்டாரத்தில் வழக்கம். அந்த இடைவெளியில் கணக்குகள் முடிக்கப்படும், அறைகளுக்கு வெள்ளையடிக்கப்படும். அந்த வட்டாரத்து நிறுவனங்களுக்கும், அவற்றைப் போல வருஷத்தில் ஒருமுறையாவது மூச்சு விட நேரம் வாய்க்கும் எல்லா அலுவலகங்களுக்கும் என் விண்ணப்பம் ஒன்றே. அந்த நாட்களில் ஒரு நாளை ஒதுக்கி, உங்கள் டைரக்டரியின் குழுப் பட்டியல்களைக் காகிதத்தில் அச்சடித்து, அந்தந்தப் பிரிவின் தலைவர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், இவர் இன்னும் இங்கே இருக்கிறாரா, இந்த வேலையைத்தான் செய்கிறாரா என்று பார்த்து அவர் கையெழுத்திடட்டும். கையெழுத்து விழாத பெயர்களை அன்று சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுங்கள்.